சிற்பமும் காட்டு, சேரியும் காட்டு!

தோழனே!

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை நிற்கிறது, கண்டிருக்கிறாயா?

அருச்சுனன் தவம் என்பார் சிலர். கங்கை இறங்கிய கதை என்பார் வேறு சிலர். அந்த வழக்கு கிடக்கட்டும். யானைகளைக் கண்டு வாய்பிளந்து நிற்போர் பலர். அந்த யானையின் அருகே, பின்னங்கால் ஊன்றி, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, தவசியைப்போல் நிற்கும் பூனையைக் கண்டு சிரிப்போர் சிலரே. சுற்றிலும் எலிகள்! தவம் கலைந்ததும் விருந்து!

மெய்த் தவத்தைச் செதுக்கிய உளி, பொய்த் தவத்தையும் பக்கத்திலேயே செதுக்கி வைத்தது. பெருமையைக் காட்டிய கை, போலியை மறைக்கவில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த கல்தச்சனுக்கு இருந்த அந்த நெஞ்சுரம், ஒலிபெருக்கி முன் நிற்கும் நமக்கு உண்டா? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஏன் இந்தக் கேள்வி இன்றைக்கு என்கிறாயா? சொல்கிறேன்.

கடல் கடந்து வாழும் தமிழர் வீட்டுப் பிள்ளைகளைத் தாயகத்துக்கு அழைத்துவந்து, நம் வரலாற்றையும் கலையையும் வாழ்வையும் காட்டும் திட்டமொன்றைத் தமிழ்நாடு அரசு 2023ஆம் ஆண்டு தொடங்கிற்று. 'வேர்களைத் தேடி' என்பது அதன் பெயர். தமிழே பேசத் தெரியாத நாலாம் தலைமுறைப் பிள்ளை, பூட்டன் மிதித்த மண்ணை மிதிக்கிறது. பல்லவன் குடைந்த குகையைத் தொடுகிறது. நல்ல திட்டம். நெஞ்சாரப் பாராட்டத் தக்க திட்டம். வேர் தெரிந்த மரமே காற்றுக்கு நிற்கும்.

ஆனால் தோழனே, வேரைக் காட்டுவதென்றால் மண்ணைத் தோண்டவேண்டும். மண்ணைத் தோண்டினால் பொற்காசு மட்டுமா கிடைக்கும்? எலும்பும் கிடைக்கும். எலும்பை மூடிவிட்டுக் காசை மட்டும் காட்டலாமா என்பதே இன்று நான் உன்முன் வைக்கும் வழக்கு.

தாயகப் பாடம் என்றதும் உலகம் யாரை நினைக்கிறது? யூதர்களை. கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமானியப் படை எருசலேமின் ஆலயத்தை இடித்தது. மக்கள் நாடு நாடாகச் சிதறினார்கள். ஆயினும் பிள்ளைகளுக்குப் பாடம் நின்றதில்லை. எருசலேம் இருக்கும் திசை நோக்கித் தொழுதனர். மண வீட்டிலும் மணமகன் கண்ணாடிக் கிண்ணமொன்றைக் காலால் மிதித்து உடைப்பான். இடிந்த ஆலயத்தை இன்பத்தின் நடுவிலும் மறவாதிருக்க அந்த வழக்கம் என்பர். ஏட்டில் மட்டும் வாழ்ந்த எபிரேய மொழியை, 1881இல் எருசலேம் வந்து சேர்ந்த எலியேசர் பென் யெகுதா என்பவர் வீட்டுப் பேச்சாக்க முனைந்தார்; தம் பிள்ளையோடு அம்மொழியிலேயே பேசினார். இன்று அது சந்தையிலும் சட்டமன்றத்திலும் ஒலிக்கிறது.

இவையெல்லாம் நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுபவை. "யூதனைப் பார், தமிழா!" என்று முழங்கிக் கைதட்டல் வாங்கியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பாடத்தின் முதல் வரி எது என்று கேட்க மறந்தோம். அதுதான் நம் பிழை.

பஸ்காத் திருநாள் இரவு. குடும்பம் கூடி அமர்கிறது. வீட்டின் கடைக்குட்டி எழுந்து, இன்று மட்டும் ஏன் இப்படியெல்லாம் செய்கிறோம் என்று வினவுகிறது. தந்தை விடை சொல்லத் தொடங்குகிறார். எங்கிருந்து? சாலமோன் மன்னனின் பொன்மாடத்திலிருந்தா? தாவீதின் வாள்வலியிலிருந்தா? இல்லை! எகிப்து மன்னனிடம் நம் முன்னோர் அடிமைப்பட்டுக் கிடந்தனர் என்பதிலிருந்து! அந்தக் கசப்பு நாவிலே பட வேண்டுமென்று கசப்புக் கீரை தருகிறார்கள். கண்ணீரை நினைக்க உப்பு நீர். ஓடிவந்த அவசரத்தை நினைக்கப் புளிப்பில்லா அப்பம்.

பார்த்தாயா? அரண்மனையில் தொடங்கவில்லை அந்தப் பாடம். அடிமைக் கொட்டடியில் தொடங்குகிறது. அதனால் அந்த இனத்தின் மதிப்பு குறைந்ததா? ஈராயிரம் ஆண்டு உயிர்த்திருக்க உரம் தந்தது அதுவே.

பாடம் நன்று; பாடம் சொன்னவர்கள் எல்லோரும் அதன்படி நடந்தார்களா? அதற்கு நெடுந்தொலைவு போக வேண்டாம்; கொச்சிக்கு வா.

அங்கு யூதர் நெடுங்காலம் வாழ்ந்தனர். கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்பவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. 1948இல் இசுரேல் நாடு தோன்றியபின், பெரும்பாலோர் அங்குச் சென்று குடியேறினர். ஊர்விட்டு வந்த கதையையும் அடிமைத் தளை அறுந்த கதையையும் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொன்ன மக்கள் அவர்கள்.

அவர்களிடையே என்ன நடந்தது தெரியுமா? விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்கள், அதே தொழுகைக்கூடத்தில் மற்றவர்களோடு சமமாக அமர இடமில்லை! ஒரே கடவுள், ஒரே மறை, ஒரே தாயகக் கனவு. ஆனால் இருக்கை மட்டும் வேறு! எகிப்தில் அடிமைப்பட்ட கதையைக் கண்ணீரோடு ஓதிய வாய், பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து "தள்ளி நில்" என்றது. எங்கோ கேட்ட குரலாக இருக்கிறதல்லவா?

அந்த ஒதுக்கப்பட்ட பிரிவில் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சாலேம். நம் சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். தம் மக்கள் சமமாக அமர வேண்டுமென்று அறப்போர் நடத்தினார். பழைய தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 'யூத காந்தி' என்று அவரை அழைத்தனர். 1967இல் மறைந்தார். ஓதிய பாடத்தை உண்மையாக்கியவர், ஒதுக்கப்பட்டவர்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகெங்குமுள்ள யூத இளைஞரை இசுரேலுக்கு இலவசமாக அழைத்துச் செல்லும் பயணத் திட்டம் 1999இல் தொடங்கிற்று. பத்து நாள் பயணம். இதுவரை இலட்சக்கணக்கானோர் சென்று வந்துள்ளனர். 2018ஆம் ஆண்டுக் கோடையில், அப்படிப் போன இளம்பெண்கள் ஐவர், பயணத்தின் நடுவிலேயே குழுவை விட்டு விலகினர். "இந்த மண்ணில் வாழும் பாலஸ்தீன மக்களின் நிலை என்ன? அதை ஏன் எங்களுக்குக் காட்டவில்லை?" என்பது அவர்கள் எழுப்பிய கேள்வியின் சாரம். தாங்களே ஹெப்ரோன் நகருக்குச் சென்று பார்க்கப் புறப்பட்டனர். 1948இல் ஏழு இலட்சம் அளவிலான பாலஸ்தீனர் வீடிழந்த மண் அது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தை நீட்டினால், படிக்கும் பிள்ளை ஒருநாள் கேட்காமல் இருக்குமா? கேட்டது!

ஆக, ஓர் இனத்தின் தாயகப் பாடம் நமக்கு மூன்று தருகிறது. அடிமை வாழ்வைச் சொல்லித் தொடங்கிய வீரம், வழிகாட்டி. ஓதிக்கொண்டே ஒதுக்கிய பேதைமை, எச்சரிக்கை. மண்ணில் வாழ்பவரை மறைத்துவிட்டு மண்ணை மட்டும் காட்டும் தந்திரம், தவிர்க்க வேண்டியது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

நாடகம் எழுதிப் பழகிய கை. ஒரு காட்சி எழுதிப் பார்க்கிறேன். மாந்தர் கற்பனை. ஆனால் அவர்கள் கையிலிருக்கும் காகிதம் போன்றவை கற்பனையல்ல.

இடம்: மாமல்லபுரம், ஐந்து ரதம். நேரம்: மாலை.

வழிகாட்டி: பாரம்மா! ஒவ்வொன்றும் பாறையைக் குடைந்து செதுக்கியது. உன் பூட்டன் காலத்துப் பெருமை!

பெண்: அண்ணா, என் பூட்டன் ஊரே இந்தப் பக்கம்தானாம். கப்பல் பதிவேட்டின் நகல் வைத்திருக்கிறேன். டர்பனிலிருந்து கொண்டுவந்தேன்.

வழிகாட்டி: (வாங்கிப் படித்து) ஜில்லா, செங்கற்பட்டு. அட, நம் மாவட்டம்! இந்த ஊர் இங்கிருந்து கூப்பிடு தூரம். வயது இருபத்திரண்டு. சாதி... (நிறுத்துகிறார்)

பெண்: ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

வழிகாட்டி: ஒன்றுமில்லையம்மா. வா, கடற்கரைக் கோவிலுக்குப் போவோம். இருட்டிவிடும்.

பெண்: அண்ணா, இந்த ஊர்க் கோவிலுக்குள் என் பூட்டனை விட்டிருப்பார்களா?

(வழிகாட்டி தலை குனிகிறார். திரை.)

அந்தத் தலைகுனிவுதான் தோழனே, நம் தாயகப் பாடத்தில் விட்டுப்போன பக்கம்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 'துரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல். 1911 வரை அவ்வாறு போனோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். பெரும்பகுதியினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலிலுள்ள அடையாளம். செங்கற்பட்டு ஜில்லா என்ற சொல் அந்தப் பதிவேடுகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. எல்லாச் சாதியாரும் போனார்கள்; பஞ்சம் துரத்தப் போனார்கள், பொருள்தேடிப் போனார்கள். ஆனால் சேரியிலிருந்து போனவர்களைத் துரத்தியது பஞ்சம் மட்டுமல்ல.

வேறு என்ன துரத்திற்று? நான் சொன்னால் மேடைப் பேச்சு என்பாய். அன்றைய செங்கற்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர் சொன்னதைக் கேள். 1891இல் தம் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அவர் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலம் மிராசுதாரருடையது. குடிசை போட்ட மனையும் மிராசுதாரர் பிடியில். கடனுக்கு ஈடாகப் பண்ணையில் உழைப்பு. தந்தை பட்ட கடன் மகன் தலையில். எதிர்த்துக் கேட்டால் குடிசை போகும். உழுதவனுக்குச் சொந்தமாக ஒரு காணி இல்லை. உறங்க ஒரு முழம் இல்லை!

வெள்ளை அதிகாரியின் அறிக்கை விவாதத்தைக் கிளப்பிற்று. 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் சென்னை அரசு ஆணை பிறப்பித்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்க வழி பிறந்தது. பத்தாண்டுக்கு அந்நிலத்தை விற்கவே கூடாது. அதன் பின்பும் ஒடுக்கப்பட்டோர் அல்லாத எவருக்கும் கைமாற்றக் கூடாது என்ற காப்பும் ஏற்பட்டது. அதுவே பஞ்சமி நிலம்.

பெயர் தங்கியது, நிலம் தங்கிற்றா? கைமாறிற்று. கரைந்தது. ஏடு ஓரிடம், ஏர் ஓரிடம் ஆயிற்று. நூறாண்டு கழித்து, இதே செங்கற்பட்டு வட்டாரத்துக் காரணை என்ற ஊரில், "எங்கள் பஞ்சமி நிலத்தை எங்களிடம் தா" என்று மக்கள் எழுந்தார்கள். 1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் பிணமானார்கள். காணி நிலம் கேட்டவர்க்குக் கிடைத்தது ஈயக் குண்டு!

மாமல்லபுரத்துக் கடற்கரைக்கு வரும் டர்பன் நகரத்துப் பெண்ணுக்கு இந்தக் கதை தெரிய வேண்டாமா? அவள் பூட்டன் ஏன் போனான் என்பதற்கு விடை ரதத்தில் இல்லை. அந்த அறிக்கையில் இருக்கிறது. போகாமல் தங்கிய பங்காளி என்ன ஆனான் என்பதற்கு விடை, காரணையில் இருக்கிறது.

"விருந்தாளி வந்திருக்கும்போது வீட்டுக் குப்பையை நடுக்கூடத்தில் கொட்டுவாயா? தமிழன் மானம் என்னாவது?" என்று சிலர் சீறுவர்.

ஐயா, வந்திருப்பவர் விருந்தாளியல்லர், வீட்டுப் பிள்ளை! பிள்ளைக்குப் பத்திரத்தையும் காட்ட வேண்டும். கடனையும் காட்ட வேண்டும். சொத்தின் கணக்கை மட்டும் சொல்லிக் கடன் கணக்கை மறைப்பவன் தந்தையல்லன், தரகன். மானம் போவது குற்றத்தைச் சொல்வதால் அல்ல; குற்றத்தைத் தொடர்வதால்.

இன்னும் கேள். இந்தக் கதையில் இழிவு மட்டுமா இருக்கிறது? இதே மாவட்டத்துக் கோழியாளம் என்ற சிற்றூரில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். இழிவென்று சொல்லப்பட்ட சாதிப் பெயரையே தலைப்பாக்கி, 1893இல் 'பறையன்' என்ற ஏட்டைத் தொடங்கிய நெஞ்சுரம் அவருடையது. அவரும் கடல் கடந்தார், தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டு வாழ்ந்தார், திரும்பி வந்தார். சட்டமன்றம் புகுந்தார். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோர்க்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். இலண்டன் வட்டமேசையில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து வாதாடினார். ரதத்தைச் செதுக்கிய உளிக்கு நிகரானதல்லவா, சாலையைத் திறந்த அந்தத் தீர்மானம்? மாமல்லபுரம் காட்டுகிறோம், கோழியாளத்துக்கும் வழி காட்ட வேண்டாமா?

தில்லையாடி வள்ளியம்மையை நினைத்துப் பார். 1898இல் ஜோகன்னஸ்பர்கில் பிறந்தவள்; தில்லையாடியைக் கண்ணால் கண்டவளல்லள். உரிமைப் போரில் சிறை புகுந்து, நோயுற்று, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் மாண்டபோது வயது பதினாறு. எந்தக் கோபுரத்தின் பெருமையும் அவளைச் சிறைக்கு அனுப்பவில்லை. கண்முன் நடந்த கொடுமை அனுப்பிற்று. காணாத ஊரின் பெயர் அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஊரே பெருமை பெற்றது. தாயகம் பிள்ளைக்குப் புகழ் தருவது மட்டுமல்ல, பிள்ளை தாயகத்துக்குப் புகழ் தருவதும் உண்டு.

எல்லாம் அன்றைய கதை என்று ஏட்டை மூடிவிடாதே. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்கு முதலமைச்சர் நேரில் சென்று பட்டா வழங்கியது 2021ஆம் ஆண்டு நவம்பரில்! உலகம் வந்து பார்க்கும் கல்லுக்கு 1984இல் உலக மரபுச் சின்னம் என்ற பட்டயம் கிடைத்தது. பக்கத்தில் வாழ்ந்த மனிதனுக்கு மனைப் பட்டா கிடைக்க அதற்குப் பின் முப்பத்தேழு ஆண்டு! பட்டா கொடுத்ததைப் பாராட்டுவோம். காலம் தாழ்ந்ததற்கு வெட்கப்படுவோம். இரண்டும் செய்யத் தெரிந்தவனே தோழன்.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். வரலாற்றை மேடையில்தான் கற்றேன். மேடையில் சொல்லியே வளர்ந்தேன். கல்லணையைச் சொன்னேன், கடாரத்தைச் சொன்னேன், வாதாபியைச் சொன்னேன். கேட்டவர் மார்பு விரிந்தது. என் கழுத்தில் மாலை விழுந்தது. ஒருநாள் கூட்டம் முடிந்து இறங்கியபோது, பந்தலுக்கு வெளியே நின்று கேட்ட முதியவர் ஒருவர் சொன்னார்: "நல்லாப் பேசினீங்க தம்பி. அந்த ராசா காலத்துல நாங்க எங்க இருந்தோம்னும் ஒருநா சொல்லுங்க." அன்று விழுந்த மாலை, கழுத்தில் கனத்தது. இந்தக் கட்டுரை அந்தப் பெரியவருக்கு நான் செலுத்தும் கடனில் முதல் தவணை.

தோழனே, உனக்கு வேலை உண்டு.

உன் ஊர்க் கிளையின் அடுத்த கூட்டத்தில் மன்னர் பெயரைச் சொல், தடையில்லை. அதோடு, உன் ஊரில் பஞ்சமி நிலம் எவ்வளவு, இன்று யார் கையில் என்பதையும் சொல். தெரியாவிட்டால், வருவாய்த் துறைப் பதிவேட்டைக் கேட்டுப் பெற்றுப் படி. கேட்க உனக்குச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. அயல்நாட்டிலிருந்து பூட்டன் ஊர் தேடி ஒரு பிள்ளை வந்தால், கோவிலுக்கு அழைத்துப் போ. கூடவே சேரித் தெருவுக்கும் அழைத்துப் போ. அங்கு அவளுக்கு ஒரு பெரியம்மாவோ சித்தப்பாவோ இருக்கக்கூடும். வேரைத் தேடி வந்தவளுக்கு உறவே கிடைத்தால், அதைவிடச் சிறந்த பாடம் எது?

அந்தப் பெண் மறுபடி வருவாள். அதே ரதம், அதே மாலை, அதே காகிதம். அதே கேள்வியைக் கேட்பாள். இம்முறை வழிகாட்டி தலை குனியாமல், "அன்று விடவில்லையம்மா. அது எங்கள் குற்றம். வா, அதை மாற்றப் போராடியவர்களின் ஊரைக் காட்டுகிறேன்" என்று சொல்லட்டும்.

அப்படிச் சொல்லும் நாளில், பாறையில் நிற்கும் அந்தப் பூனையை நாம் கூச்சமின்றி நிமிர்ந்து பார்க்கலாம்.